சோப்புத் தண்ணீர் காய்வதற்குள்

இன்று காலை ஈர ரப்பரும் சோப்பும் கலந்த அந்த வாசனை மறுபடி என் மூக்கில் ஏறியது. என் மகளின் காரில் இடப்பக்கக் கண்ணாடி தன் பிடியிலிருந்து கழன்று கதவுக்குள் சரிந்துவிட்டது. செம்பூரில் எங்கள் கட்டடத்துக்குக் கீழேயே ஒரு மெக்கானிக் வந்து கதவைத் திறந்து போட்டு வேலை செய்தார். மகள் ரயிலில் ஆபீசுக்குப் போய்விட்டதால், மழை வந்தால் பிடிக்க ஒரு குடையோடு நான் பக்கத்தில் நின்றேன். ரப்பர் பட்டையைச் சோப்புத் தண்ணீரில் நனைத்து, கட்டை விரலால் அழுத்தி அழுத்திப் பள்ளத்துக்குள் செலுத்தினார். முடித்ததும் கையைத் துடைத்துக்கொண்டு, "கல் தக் ஷீஷா நீச்சே மத் கர்னா, அங்கிள்" என்றார். நாளை வரை கண்ணாடியை இறக்கக் கூடாதாம்.

நான் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றேன். காது கேட்காத கிழவர் என்று நினைத்து இன்னொரு முறை உரக்கச் சொன்னார்.

நீ கண்ணை மூடி மூன்று மாதம் ஆகிறது. உனக்கு எழுத வேண்டும் என்று செய்தி வந்ததிலிருந்து உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்திருக்கிறேன். இன்று எழுந்திருக்கப் போவதில்லை.

அறுபதுகளின் நடுவில் நாம் இருவரும் டெம்பரவரி ஆசிரியர்கள். மாட்டுங்காவுக்கும் தாராவிக்கும் நடுவில் இருந்த அந்தத் தமிழ்ப் பள்ளியில் ஒரே நாளில் சேர்ந்தோம். ஏப்ரல் கடைசியில் நம்மை நிறுத்திவிடுவார்கள். ஜூனில் தேவைப்பட்டால் கூப்பிடுவார்கள். மூன்று ஏப்ரல் அப்படிப் போனது. நான்காம் வருடம் ஒரு நிரந்தர இடம் வந்தது. ஒரே ஓர் இடம். நம் இருவரில் யாருக்கு என்பதைப் பிப்ரவரி கடைசியில் கமிட்டி கூடி முடிவு செய்யும் என்றார்கள். கமிட்டி என்றால் பத்துப் பேர்; ஆனால் செயலாளர் சொன்னால் மற்ற ஒன்பது தலையும் ஆடும். அவர் செம்பூரில் இருந்த வியாபாரி. பள்ளியில் கார் வைத்திருந்தவர் அவர் ஒருவர்தான்.

எனக்கு அந்த இடம் வேண்டியிருந்தது. மாட்டுங்காவில் மாமா வீட்டு வராந்தாவில் படுத்துக்கொண்டு, மெஸ்ஸில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அந்த மெஸ்ஸில் சாப்பிட்ட எல்லாரும் பாங்கு, ரயில்வே, இன்ஷூரன்ஸ் என்று கெட்டியான உத்தியோகக்காரர்கள். என் இலையில் சோறு விழும்போதெல்லாம் யாராவது ஒருவர், "டெம்பரவரி சாருக்கு ரசம் விடுங்கோ, அதுவாவது நிரந்தரமா இருக்கட்டும்" என்பார். மற்றவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

உனக்கு அந்த இடம் என்னைவிட அதிகமாக வேண்டியிருந்தது. உன் அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து தாராவியில் தோல் பதனிடும் ஷெட்டில் நின்று நின்றே இருமிச் செத்தவர். உங்கள் வீட்டில் சாக்பீஸ் பிடித்த முதல் கை உன்னுடையது. காலையில் நீ கிளம்பும்போது உன் அம்மா உனக்கு முன்னால் சந்தில் இறங்கி, கோலி விளையாடும் பிள்ளைகளைப் பார்த்து, "சாரு வாராக, வழிய விடுங்கலே" என்று விலக்கிவிடுவார்கள். நீ வெட்கத்தில் தலையைக் குனிந்துகொண்டு வருவாய். அதை ஒரு நாள் என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

ஆசிரியர் பயிற்சிக்குப் போகும் முன் ஆறு வருடம் நீ மாஹிமில் ஒரு மோட்டார் ஷெட்டில் வேலை செய்தவன். டாக்ஸிக் கதவுகள் உன் வேலை. பூட்டு, கைப்பிடி, கண்ணாடி. பள்ளியில் இது எனக்கு மட்டும்தான் தெரியும். சயான் ஸ்டேஷன் படியில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டிருந்த ஒரு மாலையில் நீயாகச் சொன்னாய். சொல்லிவிட்டு, "நம்ம ரெண்டு பேரோட இருக்கட்டும்வே. தெரிஞ்சா சாருன்னு கூப்பிடுத வாயி மேஸ்திரின்னு கூப்பிடும்" என்றாய். நான் தலையாட்டினேன். உன் நகங்கள் ஏன் எப்போதும் அவ்வளவு வெள்ளையாக இருக்கின்றன என்பது அன்றுதான் எனக்குப் புரிந்தது.

கமிட்டி கூடுவதற்குச் சில நாள் முன்னால், ஒரு சனிக்கிழமை காலை, செயலாளர் பள்ளிக்கு வந்து உன் வகுப்பின் கடைசி பெஞ்சில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார். வெளியே வந்து தலைமையாசிரியரிடம், "இவர் நடத்தினா கல்லுக்கும் கணக்கு வரும்போல இருக்கே" என்று சொன்னார். நான் பக்கத்து வகுப்பில் இருந்தேன். கேட்டது. என் வகுப்புக்கு அவர் வரவேயில்லை.

பதினொரு மணிக்கு அவர் கிளம்பப் போய்க் காரின் இடப்பக்கக் கதவைத் திறந்து ஏதோ ஃபைலை உள்ளே வைத்து ஓங்கிச் சாத்தினார். கண்ணாடி தொப்பென்று கதவுக்குள் இறங்கிவிட்டது. கைப்பிடியைச் சுற்றினார், கைப்பிடி சுற்றியது, கண்ணாடி வரவில்லை. சனிக்கிழமை, எந்த ஷெட்டுக்குப் போய் நிற்பது என்று எரிச்சலோடு கத்தினார். நாமெல்லாம் வராந்தாவில் நின்றோம். நீ என் பக்கத்தில், இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாய்.

"சார், இவருக்கு இந்த வேலை தெரியும். ஆறு வருஷம் ஷெட்ல இருந்திருக்கார்."

சொன்னவன் நான். உதவிக்காகச் சொன்னேன் என்று பல வருடம் எனக்கே சொல்லிக்கொண்டேன். உதவிக்காக இருந்தால் முதல் வாக்கியத்தோடு நிறுத்தியிருப்பேன். இரண்டாவது வாக்கியத்துக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை.

நீ என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. செயலாளர் உன்னை மேலும் கீழும் பார்த்தார். பார்வை மாறியதை எல்லாரும் கவனித்தோம். அரை மணிக்கு முன்னால் உன்னை "இவர்" என்றவர், "அப்படியா சங்கதி. நம்ம சாருக்கு இந்தக் கையும் உண்டா? சட்டையைக் கழட்டிட்டு இறங்குப்பா" என்றார். தலைமையாசிரியர் சிரித்தார். மற்றவர்களும் சிரித்தார்கள். நீ சட்டையைக் கழற்றவில்லை. கையை மட்டும் மடித்துவிட்டுக்கொண்டு மண்ணில் மண்டியிட்டாய். மேல்மாடி ஜன்னல்களில் உன் வகுப்புப் பிள்ளைகளின் முகங்கள் வரிசையாக வந்து ஒட்டிக்கொண்டன.

நீ வேலை செய்ததை இன்றைக்கும் படம் போல் சொல்ல முடியும். காரைத் தெரியாதவர்களுக்கு நான் இப்படித்தான் விளக்குவேன்: சிலேட்டின் அடி விளிம்பு மரச்சட்டத்தில் செருகியிருப்பது போல, கதவுக் கண்ணாடியின் அடி விளிம்பு ஓர் இரும்புச் சட்டத்தில் செருகியிருக்கும். நடுவில் ரப்பர் பட்டை. கைப்பிடியைச் சுற்றினால் கதவுக்குள் ஓர் இரும்புக் கை எழும்பி அந்தச் சட்டத்தைத் தூக்கும். சட்டத்தோடு கண்ணாடியும் இரு பக்கத்துப் பள்ளங்களில் வழுக்கி மேலே வரும். ரப்பர் காய்ந்து சுருங்கினால் சட்டம் கண்ணாடியை விட்டுவிடும். அப்புறம் இரும்புக் கை வெறும் சட்டத்தைத் தூக்கும். கண்ணாடி அடியில் கிடக்கும்.

நீ கைப்பிடியைக் கழற்றி, கதவின் உள் அட்டையை நெம்பி எடுத்தாய். முழங்கை வரை உள்ளே விட்டு, கண்ணை மூடிக்கொண்டு, கண்ணாடியைத் தேடி மேலே கொண்டுவந்தாய். சட்டத்தில் இருந்த பழைய ரப்பரைச் சுரண்டிப் போட்டாய். பியூனின் சைக்கிள் பையிலிருந்து பழைய ட்யூப் ஒன்றை வாங்கி, பட்டையாக வெட்டி, கை கழுவும் இடத்திலிருந்த சோப்பைக் கரைத்து அதில் நனைத்தாய். தட்டுவதற்கு மரச்சுத்தி இல்லை. கரும்பலகை துடைக்கும் டஸ்டரைக் கொண்டுவரச் சொல்லி, அதன் கட்டைப் பக்கத்தால் சட்டத்தைத் தட்டித் தட்டிக் கண்ணாடியின் விளிம்பில் ஏற்றினாய். ஒவ்வொரு தட்டுக்கும் சாக்பீஸ் தூள் பறந்து உன் தலையில் விழுந்தது. செயலாளர், "பாத்தீங்களா, வாத்தியார் ஷெட்டுன்னா இப்படித்தான்" என்றார். மறுபடி சிரிப்பு.

முக்கால் மணி நேரத்தில் கண்ணாடி நேராக ஏறிக் கதவின் மேல் விளிம்பில் பொருந்தியது. நீ எழுந்து நின்று செயலாளரிடம் சொன்னாய்: "இன்னைக்குப் பூரா கண்ணாடிய இறக்காதீங்க சார். சோப்புத் தண்ணி இருக்கது வரைக்கும் ரப்பரு வழுக்கும். காஞ்சாத்தான் கவ்வும்." அவர் கேட்டும் கேட்காமலும் சாவியை எடுத்தார். நீ என் பக்கம் திரும்பி, அன்று முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்து, அதையே இன்னொரு முறை சொன்னாய். ஏனென்றால், விடைத்தாள் கட்டுகளை அவர் வீட்டில் இறக்கிவைக்க அவரோடு செம்பூருக்குப் போகும்படி தலைமையாசிரியர் என்னிடம் சொல்லியிருந்தார். அந்தக் கதவின் பக்கம் உட்காரப் போகிறவன் நான்.

எனக்கு அப்போது இருபத்தாறு வயது. அதுவரை காரில் உட்கார்ந்ததில்லை.

மாட்டுங்கா மார்க்கெட்டைத் தாண்டும்போது மணி ஒன்று. சனிக்கிழமை அரை நாள் ஆபீஸ். மெஸ் வாசலில் என் ஆட்கள் அத்தனை பேரும் சாப்பிட்டு முடித்து வெற்றிலை போட்டுக்கொண்டு நிற்கும் நேரம். கார் அந்தப் பக்கம்தான் போகப் போகிறது, நடைபாதையை ஒட்டி நான்தான் இருக்கிறேன். ஆனால் ஏற்றியிருந்த கண்ணாடியில் வெயில் பட்டுப் பளபளத்தது. வெளியிலிருந்து பார்த்தால் உள்ளே இருப்பது யாரென்று தெரியாது. செயலாளர் முன்னால் போன மாட்டுவண்டியைத் திட்டிக்கொண்டிருந்தார். நான் கைப்பிடியை நான்கு சுற்று இறக்கினேன். முழங்கையை வெளியே வைத்துக்கொண்டேன்.

உன் வார்த்தை மறந்துவிடவில்லை. அதைத்தான் உனக்குச் சொல்ல வேண்டும். கைப்பிடியைத் தொட்டபோது உன் வார்த்தை முழுசாக ஞாபகம் இருந்தது. நான்கு சுற்றில் என்ன ஆகிவிடும் என்று நினைத்தேன்.

மெஸ் வாசலில் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். நான் கையைத் தூக்கினேன். ஒருவர் நிமிர்ந்தார்; வேட்டியில் ஒட்டியிருந்த சுண்ணாம்பைத் தட்டிவிட்டு மறுபடி குனிந்துகொண்டார். ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை. கார் தாண்டிவிட்டது.

கண்ணாடியை ஏற்றப் போனேன். கைப்பிடி பஞ்சு போல லேசாக அசைந்தது. மேலே வரவேண்டிய கண்ணாடி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. கையை எடுத்துவிட்டேன். சயான் தாண்டி ஒரு பள்ளத்தில் கார் குதித்தபோது கதவுக்குள் ஒரு மூட்டைப் பாத்திரம் விழுந்தது போல் சத்தம் கேட்டது. என்ன அது என்று அவர் கேட்டார்.

"தானா இறங்கிடுச்சு சார்" என்றேன்.

திங்கட்கிழமை அந்தக் கார் பள்ளி வாசலில் நின்றது. செயலாளர் ஆசிரியர்கள் எல்லாரையும் வராந்தாவுக்குக் கூப்பிட்டார். உன்னையும் கூப்பிட்டார். "அரை நாள் தாங்கல. பாடமும் இந்த லட்சணத்துலதான் நடத்தறியா?" என்று கேட்டார். நீ நேரே போய் உள் அட்டையைக் கழற்றினாய். உடைந்த கண்ணாடியை அள்ள உள்ளே கையை விட்டாய். விட்ட கை அப்படியே நின்றுவிட்டது.

அது ஏன் நின்றது என்று உன் முகத்தைப் பார்த்தபோது தெரிந்துகொண்டேன். கண்ணாடி தானாகக் கழன்றிருந்தால் இரும்புக் கை மேலேயே நின்றிருக்கும், நீ ஏற்றிவைத்த இடத்தில். அது கீழே இருந்தது. யாராவது கைப்பிடியைச் சுற்றினால்தான் அது கீழே வரும். அந்தக் கதவின் பக்கம் உட்கார்ந்திருந்தது யார் என்று உனக்குத் தெரியும்.

நீ தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாய். பிறகு செயலாளரைப் பார்த்து, "என் தப்புதான் சார். சரியா உக்கார வைக்கல" என்றாய். கொஞ்ச நேரம் சும்மா இருந்தாய். கையைக்கூட எடுக்கவில்லை. பிறகு கண்ணாடியை அள்ளத் தொடங்கினாய். விரலிலிருந்து ரத்தம் வந்து முழங்கை வரை ஓடியது. யாரும் துணி கொடுக்கவில்லை. நானும் கொடுக்கவில்லை. மணி அடித்தது, எல்லாரும் வகுப்புக்குப் போனோம்.

கமிட்டியில் செயலாளர் பேசியதைப் பின்னால் தலைமையாசிரியரே எனக்குச் சொன்னார், நான் சந்தோஷப்படுவேன் என்று நினைத்து. "அவனுக்குக் கைத்தொழில் இருக்கு, எங்க போனாலும் பொழச்சுக்குவான். இவனுக்கு வாத்தியார் வேலைய விட்டா ஒண்ணும் தெரியாது, பாவம்" என்றாராம். அதே மூச்சில், "அந்தக் கைத்தொழிலே சுத்தமில்ல, அவனை நம்பிப் பிள்ளைங்கள எப்படி விடறது" என்றும் சொன்னாராம். இரண்டும் எப்படி ஒன்றாகப் பொருந்தும் என்று ஒன்பது பேரில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. இடம் எனக்கு வந்தது. மெஸ்ஸில் எல்லாருக்கும் கேசரி வாங்கிக் கொடுத்தேன்.

ஏப்ரல் வரை நீ பள்ளியில் இருக்க வேண்டியிருந்தது. அந்த இரண்டு மாதத்தை நீ எனக்குக் கொடுத்த தண்டனை என்றுதான் சொல்வேன். நீ சண்டை போடவில்லை. முன்பு போலவே மத்தியானம் என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பாட்டு டப்பாவைத் திறப்பாய். என் டீ மேஜையில் சிந்தினால், "தானா கொட்டிச்சாவே?" என்பாய். நான் தாமதமாக வந்தால், "பஸ்ஸு தானா நின்னுட்டோ?" என்பாய். என் பேனா காணாமல் போனால், கரும்பலகை ஆணி கழன்றால், என் வகுப்பில் பையன்கள் அடித்துக்கொண்டால், எல்லாவற்றுக்கும் அந்த ஒரு வார்த்தைதான். மற்ற ஆசிரியர்கள் இதை ஏதோ நம் இருவருக்குள் இருந்த வேடிக்கை என்று எடுத்துக்கொண்டு தாங்களும் சொல்லத் தொடங்கினார்கள். என் நியமன உத்தரவு வந்த அன்று அதை வாங்கிப் படித்துவிட்டு, எல்லார் முன்னாலும், "வேலை தானா கெடச்சிட்டு போல" என்றாய். அறையே சிரித்தது. நீ மட்டும் சிரிக்கவில்லை.

உன் பெயரும் மாறியிருந்தது. பிள்ளைகள் உன்னை "ஷெட் சார்" என்று கூப்பிடத் தொடங்கியிருந்தார்கள். உன் வகுப்புப் பிள்ளைகள்தான். டஸ்டரால் பெஞ்சைத் தட்டிக் காட்டிவிட்டு ஓடுவார்கள். ஒரு நாள் நீ பாடம் நடத்திக்கொண்டே இருந்தாய். வகுப்பு முழுவதும் மெல்ல மெல்ல டொக், டொக் என்று தட்டிக்கொண்டிருந்தது. நான் நடையில் போனவன் நின்று கேட்டேன். உள்ளே வந்து ஓர் அதட்டல் போட்டிருக்கலாம். போடவில்லை.

கடைசி நாள் தாராவி ரோடு வரை உன்னோடு நடந்து வந்தேன். தோல் ஷெட்டுகளின் நாற்றம் தொடங்கும் இடத்தில் நின்று, "அன்னைக்குக் கார்ல..." என்று ஆரம்பித்தேன். நீ கையைக் காட்டி நிறுத்தினாய்.

"என் தப்புன்னு நான் எதுக்குச் சொன்னேன்னு நெனச்சீரு? அப்படிச் சொன்னா நீரு பொறுக்க மாட்டாம எந்திரிச்சு வருவீருன்னு நெனச்சேன். மனசுக்குள்ள பத்து எண்ணினேன்வே. பத்து வரைக்கும். பொறவுதான் கண்ணாடிய அள்ளினேன்."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "இப்ப எண்ணலவே. போதும்" என்று சொல்லிவிட்டுச் சந்துக்குள் போய்விட்டாய்.

பின்னால் நடந்ததெல்லாம் பிறர் சொல்லித் தெரிந்துகொண்டது. வேலை போனதை உன் அம்மாவிடம் நீ சொல்லவே இல்லை. ஜூனில் பள்ளி திறந்த அன்று, அவர்கள் தேய்த்து வைத்த வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பினாய். அவர்கள் வழக்கம் போல் முன்னால் இறங்கி வழி விலக்கினார்கள். மாஹிம் ஷெட்டில் அந்தச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு வேலை செய்தாய். ஒரு மாதம் அப்படி ஓடியிருக்கிறது. பள்ளிப் பிள்ளை ஒன்று சந்துக்குள் வந்து, "ஷெட் சார் இப்ப நெசமாவே ஷெட்ல இருக்காரு" என்று சொன்ன பிறகுதான் அவர்களுக்குத் தெரிந்தது. மறுநாளிலிருந்து அவர்கள் சந்தில் இறங்கவில்லை.

இன்னும் ஒன்று இருக்கிறது. இது உனக்குத் தெரியாது. இரண்டு வருடம் கழித்து இன்னொரு நிரந்தர இடம் வந்தது. செயலாளர் மாறியிருந்தார், தலைமையாசிரியரும் மாறியிருந்தார். புதியவர் என்னைக் கூப்பிட்டு, கணக்குக்கு நல்ல ஆள் யாராவது தெரியுமா என்று கேட்டார். தெரியாது என்றேன். உன் பெயர் நாக்கு வரை வந்தது. நீ வந்தால் தினமும் என் பக்கத்தில் உட்கார்ந்து டப்பாவைத் திறப்பாய் என்ற பயம் அதை உள்ளே தள்ளிவிட்டது. முதல் தடவை செய்தது சின்ன வயதின் அல்பத்தனம் என்று யாராவது மன்னிக்கலாம். இரண்டாவதை நன்றாக யோசித்து, நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு செய்தேன்.

அதற்கப்புறம் நாற்பது ஐம்பது வருடம். மாஹிமில், சயானில் எங்கேயாவது எதிரே வந்தால் தலையை அசைப்பாய். நானும் அசைப்பேன். நான் தலைமையாசிரியராக ஓய்வு பெற்றேன். மாலை போட்டார்கள். நீ டாக்ஸிக் கதவுகளுக்குக் கண்ணாடி மாட்டிக்கொண்டே கிழவனானாய்.

நீ போன செய்தி உன் மகள் மூலமாகத்தான் வந்தது. நீ போய்ப் பதினைந்து நாள் கழித்து, உன்னோடு பள்ளியில் இருந்தவர் யார் என்று ஷெட்டில் யாரிடமோ விசாரித்து, என் வீட்டைத் தேடி வந்தாள். ஐம்பதைத் தாண்டியவள், உன் நெற்றி அப்படியே இருக்கிறது. பையிலிருந்து ஐந்து பழைய நோட்டுப் புத்தகங்களை எடுத்து என் மேஜையில் வைத்தாள்.

"அப்பா பெட்டியில இருந்துச்சு அங்கிள். எல்லாம் தமிழ்ல இருக்கு, எங்களுக்கு யாருக்கும் படிக்க வராது. நாங்க ஹிந்தி மீடியம். நீங்க படிச்சு மத்லப்... அர்த்தம் சொல்வீங்களா?"

அப்பா தமிழ் எழுத்துச் சொல்லிக் கொடுக்கவில்லையா என்று அவளிடம் கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"நாங்க கேட்டோம் அங்கிள். அப்பா ஒரு எழுத்துகூட சொல்லிக் குடுக்கல. 'எனக்குச் சொல்லிக் குடுக்க வராதும்மா, அதனாலதான் ஸ்கூல்ல நிப்பாட்டிட்டாங்க'ன்னு சொல்லிடுவாங்க. உங்களுக்குத் தெரியுமே, நெஜமாவே அப்பாவுக்கு நடத்த வராதா?"

அவள் கண்ணை நேராக என் மேல் வைத்துக் கேட்டாள். நீ பத்து எண்ணினாய். அவள் எவ்வளவு எண்ணினாளோ தெரியாது. நன்றாகத்தான் நடத்துவார் என்று முணுமுணுத்தேன். நோட்டுகளை வைத்துவிட்டுப் போ, படித்து வைக்கிறேன், கண் சரியாகத் தெரியவில்லை, கொஞ்ச நாள் ஆகும் என்று அனுப்பிவிட்டேன். அதன்பின் இரண்டு முறை போன் செய்தாள். இரண்டு முறையும் கண்ணைத்தான் சாக்குச் சொன்னேன்.

படித்துவிட்டேன். அன்று ராத்திரிக்குள்ளேயே படித்துவிட்டேன். என் பெயர் இருக்கிறதா என்றுதான் முதலில் புரட்டினேன். எங்கும் இல்லை. எல்லாம் பாடக் குறிப்புகள். ஒவ்வொரு நாளும் எந்தப் பிள்ளைக்குப் புரியவில்லை என்று பெயர் எழுதி, அந்தப் பிள்ளைக்கு நாளை எந்த எடுத்துக்காட்டைச் சொல்லலாம் என்று சிவப்பு மையில் குறித்திருக்கிறாய். ஒன்று, பத்து, நூறு இடமதிப்புக்கு லோக்கல் ரயில் பெட்டிகளை வரைந்து, 'அதே ஆள்தான். ஏறிய பெட்டியால் மதிப்பு மாறுகிறது' என்று எழுதியிருக்கிறாய்.

அந்த ரயில் பெட்டி எடுத்துக்காட்டை முப்பது வருடம் நான் நடத்தினேன். உன் வகுப்பு வாசலில் நின்று கேட்டு எடுத்துக்கொண்டது. ஓய்வு பெற்ற விழாவில் மூன்று பழைய மாணவர்கள் அதைத்தான் சொல்லிப் புகழ்ந்தார்கள். நல்ல எடுத்துக்காட்டு சொல்லும் ஆசிரியர் என்று எனக்கு இருக்கும் பெயரில் பாதி, இந்த ஐந்து நோட்டுகளில் சிவப்பு மையில் இருக்கிறது. எது உன்னுடையது, எது என்னுடையது என்று பிரித்துப் பார்த்தேன். என்னுடையவை அவ்வளவாக இல்லை.

மத்தியானம் மெக்கானிக் போன பிறகு உன் மகளுக்கு நானே போன் செய்தேன். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு வருகிறேன் என்றாள். உன் நோட்டை முதலில் படிப்பதா, இந்தக் கடிதத்தை முதலில் படிப்பதா என்று எழுதும்போதே யோசித்துக்கொண்டிருந்தேன். நோட்டை முதலில் படித்தால் அவள் அழுவாள். அழுகிறவளிடம் இதை எப்படிப் படிப்பது என்று அதையே சாக்காக வைத்துக்கொண்டு மடித்து உள்ளே வைத்துவிடுவேன். என்னை எனக்குத் தெரியும். ஆகவே இதைத்தான் முதலில் படிக்கப் போகிறேன்.

பாதியில் அவள் எழுந்து நோட்டுகளை எடுத்துக்கொண்டு போய்விடலாம். போனால் அது நியாயம். பக்கத்துக் கட்டடத்தில் தமிழ் நன்றாகப் படிக்கத் தெரிந்த ஓர் அம்மா இருக்கிறார். எனக்குப் பதிலாக உன் பாடக் குறிப்புகளை அவளுக்கு ஒரு வரி விடாமல் படித்துக் காட்ட வேண்டும் என்று அவரிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.